டிக்கெட்டக்கா பார்க்காத முடிவுகள்

என் சித்தியிடம் யாராவது "நீங்க பாக்காத படமா?" என்று கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்டவர் சொந்தக்காரராக இருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டுவாள். வெளியாள் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, அவர் தலை மறைந்ததும் எங்களைத் திட்டுவாள். கேட்பவர்களையும் குறை சொல்ல முடியாது. தலை நரைக்கும்வரை ஒரே தியேட்டரில் டிக்கெட் கொடுத்தவள் அவள். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, கைதான் தெரியும். கம்பி போட்ட ஓட்டை வழியாக டிக்கெட்டைத் தள்ளிவிட்டு, "அடுத்து" என்று விரலைச் சொடுக்கும் கை. கடைத்தெருவில் காய் பொறுக்கும்போது அந்தக் கையைப் பார்த்தே "நீங்க டிக்கெட்டக்காதானே?" என்று கேட்டவர்கள் உண்டு. உடனே அடுத்த கேள்வி, நீங்க பாக்காத படமா.

தியேட்டரை மூடி மரச்சாமான் கடைக்கு வாடகைக்கு விட்டபோது முதலாளி அவளுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார். அது ஓடவில்லை. சித்தி அதைத் திருப்பிக் கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். "ஓடற ஒன்னா பாத்துக் குடுக்கக்கூட மனசு வரல பாரு" என்று ஒரு மாதம் பொருமினாள்.

நான் சித்தியின் அக்கா மகள். குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன். குழாயில் தண்ணீர் வராத அத்தனை பேரின் வசவையும் நாள் முழுக்க வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் என் உத்தியோகம். திருப்பித் திட்ட எனக்கு அனுமதி இல்லை. அதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு சாயங்காலம் சித்தி வீட்டுக்குப் போய்க் கொட்டுவேன். அவள் வீடு எங்கள் மாடிக்குக் கீழே. இரண்டு பேரும் ஜன்னலுக்கு உட்பக்கம் உட்கார்ந்து காலம் தள்ளியவர்கள் என்பதால் எங்களுக்கு நன்றாக ஒத்துப்போகும். சித்தப்பா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. சித்திக்கு ஒரே மகள். வயது முப்பதைத் தொட்டாலும் வீட்டில் அவள் பாப்பாதான். ரத்தப் பரிசோதனை செய்யும் இடத்தில் வேலை. அடுத்தவர் நரம்பைத் தட்டித் தட்டிக் கண்டுபிடித்து வலிக்காமல் ஊசி போடுகிறவள்.

அந்தப் பாப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் புருஷன் வீட்டிலிருந்து ஒரு பையோடு வாசலில் வந்து நின்றாள். இடது கன்னம் வீங்கியிருந்தது. நான் அப்போது அங்கேதான் இருந்தேன். சித்தி ஒரு கேள்வி கேட்கவில்லை. கதவை முழுசாகத் திறந்து, ஒதுங்கி நின்று, "உள்ள வா" என்றாள். பாப்பா பையைக் கீழே வைத்தாள்.

"அந்தப் படத்துல வர்ற மாதிரியே வந்துட்டேன்மா" என்றாள்.

அது எந்தப் படம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது சித்தி வேலை முடிந்து வந்து, தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், சுற்றி உட்கார்ந்து படக்கதை கேட்போம். எந்தப் படம் வந்தாலும் அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நான் கொலைக் கதை கேட்பேன். பாப்பாவுக்கு ஒரே கதைதான். ஒரு பள்ளிக்கூட டீச்சர். அவளுக்கு ஒரு புருஷன். நண்பர்களை வீட்டுக்கு அழைத்து வைத்துக்கொண்டு அவர்கள் எதிரில் அவளை மட்டம் தட்டுவான். ஒருநாள் அவள் பதில் பேசிவிடுகிறாள். அத்தனை பேர் முன்னால் ஓங்கி ஒரு அறை. அவள் அழவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் அம்மா வீட்டுக்கு நடக்கிறாள். அம்மா கதவைத் திறக்கிறாள், ஒன்றும் கேட்காமல் ஒதுங்கி நின்று "உள்ள வா" என்கிறாள். அத்தோடு படம் முடிகிறது. பாப்பா இதை வாரத்துக்கு ஒருமுறை கேட்பாள். "அந்த அம்மா திட்டவே இல்லையா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். "எதுக்குத் திட்டணும்?" என்பாள் சித்தி.

வந்தவள் பேசவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சட்டை இஸ்திரி போடாததில் ஆரம்பித்த சண்டை என்றும், அது முதல் அறை இல்லை என்றும் எங்களுக்குத் தெரியவே நாளாகிவிட்டது. இதற்கிடையில் மாமா வேறு. மாமா என்றால் சித்திக்கும் என் அம்மாவுக்கும் அண்ணன். பஸ் டெப்போவில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நின்றால் நடுவில் போய் நின்று கைகுலுக்க வைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. யார் பக்கம் நியாயம் என்று கேட்கிற வழக்கம் கிடையாது. கைகுலுக்கினால் போதும். அவர் தினமும் போன் போட்டு, "பொண்ண எப்ப அனுப்பறதா உத்தேசம்?" என்பார். சித்தி, "உத்தேசமே இல்ல" என்று வைத்துவிடுவாள். எனக்கு அந்தப் போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருக்கும்.

பாப்பாவை அறையைவிட்டு வெளியே கொண்டுவரத்தான் நான் இந்த சினிமா ஏற்பாட்டைச் செய்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பழைய படம். இப்போதுதான் எல்லாம் நெட்டில் கிடைக்கிறதே. வாரத்துக்கு ஒரு வகை என்று வைத்துக்கொள்ளலாம், கொலை, சிரிப்பு, பேய், காதல், குடும்பம். தேர்ந்தெடுக்கிற பொறுப்பை சித்தியிடம் விட்டேன்.

சித்தி படம் தேர்ந்தெடுத்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். நடிகர், இயக்குநர், பாட்டு எதுவும் அவளுக்குக் கணக்கில்லை. வரிசைதான் கணக்கு. "இதுக்கு வந்த கூட்டத்துல என் கம்பியே வளைஞ்சு போச்சு" என்றால் படம் தேறிவிட்டது. சிரிப்புப் படம் என்றால் குடும்பம் குடும்பமாக வந்து ஒரே வரிசையில் சீட்டு கேட்பார்களாம். பேய்ப் படத்துக்குத் தனியாக வருகிற ஆம்பளை வழியோரச் சீட்டு கேட்பானாம், எழுந்து ஓட வசதியாக. "இந்தப் படத்துக்கு வழியோரம் எல்லாம் மொதல்லயே வித்துத் தீந்துடும். அப்ப நல்ல பேய்தான், இதப் போடு." காதல் படத்தை மட்டும் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள். "அதுக்கு வந்தவங்க மூலைச் சீட்டுதான் கேட்டாங்க. அவங்களே படத்தப் பாக்கல, நாம எதுக்குப் பாக்கணும்?"

பாப்பா அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தாள்.

முதல் வாரம் கொலைப் படம். மலைமேல் ஒரு பெரிய வீடு, அதில் பணக்காரக் கிழவர் செத்துக் கிடக்கிறார். யார் கொன்றது? சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும், டாக்டர்தான். சித்தி எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். நானும் பாப்பாவும் டாக்டர் வரும்போதெல்லாம் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டோம். கடைசியில் போலீஸ்காரர் எல்லோரையும் கூடத்தில் நிற்க வைத்து, தோட்டக்காரன் கையில் விலங்கை மாட்டினார்.

சித்தி எழுந்து நின்றுவிட்டாள். "தப்பு! அந்த டாக்டரோட மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா இவனுங்களுக்கு? பாவம், செடிக்குத் தண்ணி ஊத்தறவனப் போய்ப் பிடிக்கறானுங்க!"

"சித்தி, டாக்டர்னு நீதானே சொன்ன?"

"இது வேற. நெட்டுல போடறப்ப மாத்திட்டானுங்க."

நான் விடவில்லை. அன்றைக்கு அலுவலகத்தில் ஒருத்தன் என்னிடம் இரண்டு மணி நேரம் கத்தியிருந்தான்; எனக்கும் யாரையாவது விரட்ட வேண்டியிருந்தது. அடுப்படிவரை பின்னாலேயே போய்க் கேட்டேன். பாத்திரத்தை நங்கென்று வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நான் எங்கடி முடிவு பாத்தேன்? படம் தொடங்கறப்ப கவுன்ட்டர்ல இருப்பேன், லேட்டா வர்றவனுக்கு டிக்கெட் குடுக்கணும். அப்புறம் கணக்க ஒப்படைக்கணும். அதுக்குள்ள இன்டர்வல் மணி அடிச்சிடும். இன்டர்வலுக்கு அப்புறம் போய்ப் பின்னாடி கதவோரம் நிப்பேன், திரைச்சீலையப் பிடிச்சுக்கிட்டு. படம் சூடு பிடிக்கறப்ப அடுத்த ஷோவுக்குக் கவுன்ட்டர் திறக்கணும். கடைசி ஷோவுக்கு நின்னா பஸ் போயிடும். தொடக்கமும் தெரியாது, முடிவும் தெரியாது. நடுவுல கொஞ்சம். அம்புட்டுதான் எனக்கு."

"லீவு நாள்ல போய்ப் பாத்திருக்கலாமே?"

"பஸ் ஓட்டறவன் லீவு நாள்ல பஸ்ல ஏறி ஊர் சுத்துவானா?"

"அப்ப எங்களுக்குச் சொன்னதெல்லாம்?"

"என்ன பண்ணச் சொல்ற? டிக்கெட் குடுக்கறவளே முடிவு தெரியாதுன்னா எவ நம்புவா? மொதல்ல ஒன்னு ரெண்டு பேர்கிட்ட உண்மையத்தான் சொன்னேன். சிரிச்சாங்க. அப்புறம் நானே ஒன்னு சொல்ல ஆரம்பிச்சேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஊருக்கெல்லாம் டிக்கெட் குடுத்தேன். எனக்கு ஒரு படம் முழுசா கிடைக்கல. பாக்காத படமாங்கறானுங்க! பாத்த படம் எதுன்னு கேளுங்கடா!"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. மாடிக்கு ஏறும்போது சிரிப்பு போய், கோபம் வந்தது. அந்த முதலாளிமேல், அந்தக் கடிகாரத்தின்மேல், அவள் கையைப் பார்த்து வந்து கேள்வி கேட்ட அத்தனை பேர்மேலும். அதற்குள் அறைக்குள் போய்விட்ட பாப்பா, நெட்டில்தான் மாற்றிவிட்டார்கள் என்று நம்பினாள்; அவளிடம் நான் இதைச் சொல்லவில்லை. சித்தி சொல்லக்கூடாது என்று கண்ணாலேயே அதட்டியிருந்தாள்.

அடுத்த வாரச் சிரிப்புப் படத்தின் முடிவு, சித்தி சொன்னதோடு எப்படியோ பொருந்திப் போனது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பேய்ப் படத்தில் சித்தியின் முடிவே மேல் என்று நாங்கள் மூன்று பேரும் ஒப்புக்கொண்டோம். அவள் கதையில் பேய், தன்னைக் கொன்றவன் வீட்டிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது. படத்திலோ மன்னித்துவிட்டுப் புகையாகப் போனது. "செத்தும் மன்னிக்கணுமா? நல்லா இருக்கே நியாயம்" என்று சித்தி பொரிந்து தள்ளினாள். பாப்பா, "அம்மா, அது பேய்மா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீக்கம் எப்போதோ வடிந்துவிட்டது, முகமும் பழைய முகமாகிக்கொண்டிருந்தது. இனி அவளை யாரும் அசைக்க முடியாது என்று நான் நினைத்தேன்.

அப்போதுதான் மாமா கிளம்பி வந்தார். மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் பேச வருகிறார்களாம். "பேச்சுன்னு வெச்சா சண்டையாகும். நீங்கதான் சனிக்கிழமை படம் பாக்கறீங்களே, அவங்களும் வந்து உக்காந்து பாக்கட்டும். முடிஞ்சதும் அப்படியே சுமுகமாப் பேசி, பொண்ண அனுப்பி வெச்சிடலாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி, "வரச் சொல்லுங்கண்ணா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவர் போனதும் காரணத்தைச் சொன்னாள். "இந்த வாரம் குடும்பப் படம்தான? அந்த டீச்சர் படத்தப் போடு. அவனும் பாக்கட்டும், அவன் அம்மாவும் பாக்கட்டும். அறைஞ்சா என்ன ஆகும்னு கண்ணால பாத்துட்டுப் போகட்டும். நான் பேசினா சண்டைம்பாரு உன் மாமா. படம் பேசட்டும்."

நான் பாப்பா காதில் விழாமல், "சித்தி, இதுலயும் முடிவு நீ பாத்ததில்லையே" என்றேன்.

"இது பாத்தேன்."

"எப்படி? கவுன்ட்டர்?"

"பாத்தேன்டி! கண்ணுக்குள்ளயே நிக்குது. மழை, அந்த வாசல், அந்த அம்மா கதவத் திறக்கறது. அந்தப் புடவைக் கலர்கூடச் சொல்லட்டுமா?"

"நான் ஒரு தடவை ஓட்டிப் பாத்துடறேன்."

"என்னை நம்பலைன்னா மாடியிலயே இரு" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. பாப்பாவுக்குச் சொல்லிச் சொல்லி, தான் கட்டிய கதையைத் தானே பார்த்ததாக நம்பிவிட்டாள். பாப்பாவோ, மாப்பிள்ளை வரப் போகிறான் என்று தெரிந்ததிலிருந்து, "அந்தப் படம்தானம்மா? அந்தப் படம்தான?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தப் படம் அவளுக்கு வக்கீல் மாதிரி. அது வந்து பேசினால் போதும், தான் வாய் திறக்க வேண்டாம் என்று நம்பினாள்.

சனிக்கிழமை வந்தார்கள். சம்பந்தியம்மா நாற்காலியில், மாமா பக்கத்தில், மாப்பிள்ளை கட்டிலின் ஓரத்தில். அவன் ஒரு கைக்கடிகாரக் கடையில் விற்பனை பார்க்கிறவன். சிரித்த முகம். வாடிக்கையாளரிடம் குரல் உயராது. என்னைப் பார்த்து, "எப்படியிருக்கீங்க அக்கா?" என்றான். எனக்கு அந்தப் பல்லைத் தட்ட வேண்டும் போல இருந்தது. பாப்பா தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சித்தி வறுத்த கடலையைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, டிவிக்கு நேர் எதிரே, விளையாட்டு பார்க்க வந்தவளைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

படம் ஓடியது. தொடக்கம் சித்திக்கும் புதுசு. டீச்சர் எப்படிக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது. "ஓ, இவனுக்கு இவ மொதல்ல பாடம் சொல்லிக் குடுத்தாளா" என்று முணுமுணுத்தாள். இடைவேளை தாண்டியதும் அவள் முகம் தெளிந்தது. தனக்குத் தெரிந்த பகுதிக்கு வந்துவிட்டாள். விருந்து, நண்பர்கள், மட்டம் தட்டல், அவள் பதில் பேசுவது. ஓங்கி ஒரு அறை.

"அப்படிப் போடு!" என்று சம்பந்தியம்மா தொடையைத் தட்டிச் சிரித்தாள். மாமாவும் சிரித்தார்.

சித்தி அவளைத் திரும்பிப் பார்த்தாள். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவன் திரையைப் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த பாப்பாவைப் பார்த்து, உதட்டோரமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். பாப்பா அதைப் பார்த்துவிட்டாள். முகத்தைத் திரைக்குத் திருப்பினாள்.

"இப்பப் பாருங்க" என்றாள் சித்தி. "இனிமேத்தான் இருக்கு."

டீச்சர் பெட்டியை எடுத்தாள். மழை கொட்டியது. "பாத்தீங்களா?" என்றாள் சித்தி, சம்பந்தியம்மாவைப் பார்த்து. டீச்சர் நடந்தாள், நனைந்தாள், அம்மா வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டினாள். கதவு திறந்தது. அம்மா நின்றாள். பாப்பா முட்டியைக் கட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்தாள்.

திரையில் இருந்த அம்மா மகளை மேலும் கீழும் பார்த்தாள். "அடிச்சாலும் அவன் உன் புருஷன். உன் வீடு அது. இந்த வாசப்படிய மிதிக்காதே" என்றாள். கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அந்த டீச்சர் அதே மழையில் திரும்பிப் போய், புருஷன் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டாள். அவன் பெருந்தன்மையாக அவளைத் தூக்கி நிறுத்தினான். இசை பொங்கியது. படம் முடிந்தது.

சித்தி வாயில் போட்ட கடலையை மெல்லாமலேயே உட்கார்ந்திருந்தாள்.

"இதுதான் படம்!" சம்பந்தியம்மா எழுந்துவிட்டாள். "இந்தக் காலத்துல எவன் இப்படி எடுக்கறான்? நல்ல படமாப் பாத்துப் போட்டீங்க சம்பந்தியம்மா. உங்களுக்கும் மனசு இருக்குன்னு தெரியுது. எழுந்திரும்மா, பையை எடுத்துட்டு வா."

"அதான் படமே சொல்லிடுச்சே, நாம என்ன தனியாப் பேசறது?" என்றார் மாமா, கைகளைத் தேய்த்துக்கொண்டே.

பாப்பா அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா. நீ சொன்னது இப்படி இல்லையே."

"மாத்திட்டானுங்க" என்று சித்தி ஆரம்பித்தாள். குரல் பாதியில் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள். பிறகு கத்தினாள். "இல்ல. மாத்தல. நான்தான் பாக்கல. நான் பாத்தது அந்த அறை விழுந்து, அவ பெட்டியோட மழையில எறங்கற வரைக்கும்தான். தினமும் அந்த அறையப் பாத்தேன். அறை விழுந்ததும் ஹால் மொத்தமும் கைதட்டும். விசிலடிப்பானுங்க. நான் குடுத்த டிக்கெட்ட வாங்கிட்டு வந்து உக்காந்துக்கிட்டுக் கைதட்டுவானுங்க! அதுக்கப்புறம் எனக்கு அங்க நிக்க நேரமில்ல. கவுன்ட்டருக்குப் போய் உக்காருவேன். அவ எங்க போயிருப்பா, எங்க போயிருப்பான்னு நெனச்சுக்கிட்டே டிக்கெட் கிழிப்பேன். அம்மா வீட்டுக்குத்தான் போயிருப்பான்னு நெனச்சேன். அம்மா கதவத் திறந்திருப்பான்னு நெனச்சேன். வேற என்ன நெனைக்கச் சொல்றீங்க?"

"ஆக, பொய் சொல்லித்தான் பொண்ண வளத்திருக்கீங்க" என்றாள் சம்பந்தியம்மா.

"ஆமா! பொய்தான்! போய் எல்லார்கிட்டயும் சொல்லுங்க!"

மாப்பிள்ளைக்கு இதெல்லாம் அலுப்பாக இருந்தது. "சரி சரி, படம் முடிஞ்சுதில்ல? எதுக்கு இவ்ளோ சத்தம்? வா, போலாம்" என்று குனிந்து பாப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தான்.

பாப்பா எழுந்தாள். போகிறாளோ என்று பயந்தேன். இதுநாள்வரை அவளுக்குத் துணை நின்ற படம் எதிர்க்கட்சிக்குப் போய்விட்டதே. அவள் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அந்த அறை விழறப்ப என்னைப் பாத்து எதுக்குச் சிரிச்சீங்க?"

"நானா? சும்மா."

"சும்மாவா?"

"சும்மாதான். இதையெல்லாமா பெருசு பண்ணுவ?"

அவள் கையை உதறி விடுவித்துக்கொண்டாள். "நான் வரல" என்றாள். குரல் உயரவில்லை. "படத்துல அவ போயிட்டா. போகட்டும். நான் வரல."

அதற்கு மேல் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நினைத்தாலே எனக்குத் தலைக்கு ஏறுகிறது. சம்பந்தியம்மா எங்கள் குடும்பத்தையே வாசலில் நின்று கழுவி ஊற்றினாள். மாப்பிள்ளை, கடையில் பேரம் படியாத ஆள் போனால் முறைப்பது போல முறைத்துவிட்டு இறங்கினான். மாமா சித்தியிடம், "ஒரு படத்த ஒழுங்காப் பாத்துட்டுப் போட்டிருக்கக்கூடாதா? கூடி வந்த காரியத்தக் கெடுத்துட்டியே" என்றார். நான் அவரிடம், "மாமா, அவ கன்னம் வீங்கியிருந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டேன். வருஷக்கணக்காக ஜன்னலுக்குள் உட்கார்ந்து நான் கேட்காமல் விட்ட அத்தனையும் அந்தக் கேள்வியில் இருந்தது. அவர் செருப்பைத் தேடுவதில் மும்முரமானார். செருப்பு அவர் காலடியிலேயே கிடந்தது.

எல்லோரும் போன பிறகுதான் பாப்பா வெடித்தாள். சித்திமேல்.

"ஏம்மா இப்படிப் பண்ணின? நான் அதத்தான நம்பிட்டு இருந்தேன். மொத தடவ அவர் அடிச்சப்பவே அந்தப் படம்தான் ஞாபகம் வந்துச்சு. ஒவ்வொரு தடவயும் அந்த அம்மா கதவத் திறக்கறதத்தான் நெனச்சுப் பாத்துக்குவேன். சாத்துவாங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் வந்தே இருக்க மாட்டேன்மா. அங்கயே கிடந்திருப்பேன். கேட்டுதா? அங்கயே!"

சித்தி டிவி பக்கம் திரும்பினாள். எனக்குக் கோபம் யார்மேல் என்றே தெரியவில்லை. எத்தனை ஊர்களில், எத்தனை நாள், எத்தனை பெண்கள் அந்த முடிவை முழுசாகப் பார்த்துவிட்டு, எழுந்து, பேசாமல் வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பார்கள்? எங்கள் பாப்பா தப்பித்தது அவள் அம்மாவுக்கு அடுத்த ஷோவுக்குக் கவுன்ட்டர் திறக்க வேண்டியிருந்ததால்தான். இப்படியா ஒரு பெண் பிழைக்க வேண்டும்?

"அந்த இடத்த மறுபடி போடு" என்றாள் சித்தி என்னிடம்.

"எந்த இடம்?"

"கதவு."

நான் பின்னால் ஓட்டிப் போட்டேன். மழை. பெட்டி. தட்டுகிற கை. கதவு திறந்து அந்த அம்மா நின்றாள். சித்தி டிவிக்கு நேர் முன்னால் போய் நின்றாள்.

"ஏய், வழிய விடுடி!" என்று கத்தினாள். "மழையில நிக்கறது உன் பொண்ணுடி! கன்னத்தப் பாருடி! உள்ள விடு அவள!"

அந்த அம்மா கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

"இன்னொரு தடவ" என்றாள் சித்தி. மறுபடியும் போட்டேன். மறுபடியும் சாத்தினாள். சித்தி கையை ஓங்கிக்கொண்டு போனாள். எங்கே டிவியை உடைத்துவிடுவாளோ என்று நான் எழுவதற்குள், பாப்பா வந்து பக்கத்தில் நின்றாள். முகமெல்லாம் கண்ணீர். அம்மாவைப் பிடித்து இழுப்பாள் என்று பார்த்தேன். இழுக்கவில்லை.

"தெறங்க" என்றாள் அவளும், திரையைப் பார்த்து. முதலில் மெதுவாகத்தான். அடுத்த தடவை வீடே அதிரக் கத்தினாள். "கதவத் தெறங்க!"

நான் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன்.